முதலில் தலையை எண்ணு

வேப்பமுத்துகளைத் தரையில் கொட்டியதும் எந்தப் பிள்ளையும் கை நீட்டக் கூடாது. நாகஜோதி தம் இரு உள்ளங்கைகளையும் அக்குவியலின்மேல் கவிழ்த்துக்கொள்வார். "எத்தனை பேருக்கு?" என்று கேட்பார். விடை வந்த பிறகே கைகள் விலகும். "மொதல்ல தலையை எண்ணு. அப்புறம் முத்தை எண்ணு" என்பார்.

அருப்புக்கோட்டைக்கு அருகில் ஒரு நூற்பாலையில் அவருக்குப் பகல் வேலை. அவர் 'மில்லு பஸ்ஸு' என்று சொல்லும் ஆலைப் பேருந்து திருச்சுழிச் சாலை விலக்கில் அவரை இறக்கிவிடும்போது வெயில் சாய்ந்திருக்கும். தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் வந்து அமர்ந்துவிடுவார்கள். கணவர் விபத்தில் இறந்தபின் தந்தை வீரணனின் நிலத்துக்கே திரும்பி வந்தவர் அவர். அந்நிலத்தின் மூலையில் நிற்கும் தகரக் கொட்டகைதான் அவருக்கு வீடு. அதன் முற்றமே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளிக்கூடம்.

'வகுத்தல்' என்னும் சொல்லைத் தொடக்கத்தில் அவர் உச்சரிப்பதே இல்லை. 'கூறு' என்றே சொல்வார். பொங்கலுக்குச் சில குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கி அறுத்து, பனையோலையில் கறியைக் கூறு கூறாக வைப்பது இவ்வூர் வழக்கம். கூறு வைத்தவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். ஆகையால் எந்தக் கூறும் பெருத்துவிடாது. பிள்ளைகள் இதைப் பிறந்தது முதல் பார்த்து வருகிறார்கள். ஆயினும் அசோக் என்னும் சிறுவன் தன் பக்கத்துக் குவியலில் மட்டும் முத்துகளைச் சற்றுத் தாராளமாகப் போடுவான்.

"ஏலே, ஓங்கூறு மட்டும் என்னலே புள்ளத்தாச்சி மாதிரி உப்பிக்கிட்டு இருக்கு? வச்சவன் கடைசியிலதான எடுக்கணும்?"

"கடைசியில எனக்கு இதுதான்க்கா மிஞ்சும்."

"மிஞ்சும், மிஞ்சும். மத்தவன்லாம் கண்ண மூடிக்கிட்டா இருப்பான்?"

'தப்பு' என்று அவர் எந்தப் பிள்ளையிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. வைத்தவற்றையெல்லாம் ஒரே குவியலாக வாரி, பிள்ளையின் முன் தள்ளுவார். "மறுபடி வை" என்பார். பிறகு கால்களை மடக்கிக்கொண்டு, எதுவும் பேசாமல் காத்திருப்பார். பிள்ளை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி, குறிப்புச் சொல்லமாட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்த எனக்கு அந்தப் பொறுமை வாய்த்ததில்லை.

வீரணன் இறந்து ஓராண்டு கழிந்ததும், நிலத்தைப் பிரித்துக்கொள்ள நாள் குறித்தார்கள். நாகஜோதியின் அண்ணன் பூமிநாதன் உள்ளூரில் விவசாயம் செய்பவர். தம்பி உதயகுமார் திருப்பூரில் வேலை பார்ப்பவர். கொட்டகை எவர் பங்கில் விழுகிறதோ, அவர் மனம் வைத்தால்தான் நாகஜோதி அங்கே குடியிருக்க முடியும். "உன் பங்கை நீ கேட்கவில்லையா அம்மா?" என்றேன்.

"கட்டிக்குடுத்த பொம்பள பெறந்த வீட்டுல என்னத்த சார் கேக்குறது? அவுகளாப் பாத்து இருன்னா இருக்கேன்" என்றார், முத்துகளிலிருந்து சொத்தைகளைப் பொறுக்கியபடியே.

நிலம் பிரிக்கும் நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, சுகப்பிரியா என்னும் சிறுமியின் முறை வந்தது. பதினைந்து முத்துகளை அவளுடைய வீட்டில் உள்ளவர்களுக்குக் கூறு வைக்க வேண்டும். "மூணு பேருக்கு" என்றாள். ஐந்தைந்தாக, வரி பிசகாமல் மூன்று கூறுகள் வைத்தாள். கணக்கில் குறையே இல்லை. ஆனால், அவள் வீட்டில் ஐவர் இருப்பது ஊரே அறிந்தது.

"யாரு யாருக்கு வச்ச?"

"அப்பாவுக்கு, பெரியண்ணனுக்கு, சின்னண்ணனுக்கு."

"நீயும் அம்மாவும்?"

"நாங்க மிச்சத்துல சாப்பிடுவோம்க்கா."

"மிச்சம்தான் இல்லையே! நீ வெறும் ஓலையத்தான் நக்கணும்" என்றான் பக்கத்தில் இருந்த தனுஷ். பிள்ளைகள் சிரித்தார்கள். சுகப்பிரியா தரையைப் பார்த்தாள். மூன்று குவியல்களுக்கு வெளியே ஒரு முத்துகூடக் கிடக்கவில்லை.

நாகஜோதி சிரிக்கவில்லை. அக்கூறுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பின்னர் மூன்றையும் வாரி ஒன்றாக்கி, அவள் முன் தள்ளினார். "மறுபடி வை ஆத்தா" என்றார். அச்சிறுமி ஐந்து கூறுகளை வைத்து முடிக்கும்வரை, வேறு எந்தப் பிள்ளையின் பக்கமும் அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர்ப் பெரியவர்கள் சிலருடன் என்னையும் சாட்சிக்கு அழைத்திருந்தார் பூமிநாதன். நேர்மையான மனிதர் அவர். கயிறு பிடித்து அளந்து, கிணற்றைப் பொதுவில் விட்டு, வரப்பின் நடுவே எல்லைக்கல் ஊன்றினார். இரு பக்கமும் ஒரு முழம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

"ஏலே உதயா, கூறு வச்சது நான். நீ மொதல்ல எடு" என்றார், பெருமிதத்துடன்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த நாகஜோதி முன்னே வந்தார்.

"எத்தனை பேருக்குண்ணே வச்சிருக்க?"

"என்னத்தா கேள்வி இது? எனக்கும் அவனுக்கும்."

"அப்பாவுக்கு நம்ம எத்தனை பேரு?"

"ஒனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்புனோமேத்தா. கொட்டகையிலயும் இருந்துக்கன்னுதான சொல்றோம்" என்றார் பூமிநாதன். உதயகுமார் அக்காளின் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார். கூட்டத்தில் எவரோ கனைத்தார்.

நாகஜோதி குனிந்து, நடுவில் ஊன்றியிருந்த எல்லைக்கல்லை இரு கைகளாலும் அசைத்துப் பிடுங்கினார். அதில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணை முந்தானையால் துடைத்து, அண்ணனின் காலடியில் வைத்தார்.

"மறுபடி வைண்ணே" என்றார்.

பிறகு, கால்களை மடக்கி அந்த வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.