பீங்கான் அடுப்புக்கு ஒரு மேசை

ஐயாவு பாஸ் தன் மனைவி அழகம்மாவை அடிக்கும்போது முதலில் அதிர்வது எங்கள் காம்பராச் சுவர்தான். மரவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். வரிசையாகக் கட்டிய தோட்ட லயத்தில் எங்கள் ஒற்றையறை வீடும் அவர்கள் வீடும் ஒட்டியவை. இடைச்சுவர் கூரைவரை எட்டாது. அடி, அழுகை, பாத்திரம் உருளும் சத்தம் எல்லாம் அந்த இடைவெளியால் தாராளமாக இந்தப் பக்கம் வரும். என் புருஷன் மூக்கையா ரேடியோவைக் கூட்டி வைப்பார்.

"அவன் கோவக்காரன், வெள்ளையம்மா. கோவம் வந்தா அவனுக்குக் கண்ணு தெரியாது" என்பார்.

தோட்டம் முழுக்க அதையேதான் சொன்னது. கங்காணி சொன்னார், சங்கத் தலைவர் சொன்னார், அவனைப் பெற்றவள் சொன்னாள். கை தன்னால் எழும்பிவிடுகிறதாம், அவன் என்ன செய்வானாம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவனை அவர் என்று சொல்லக்கூட எனக்கு மனம் வந்ததில்லை. ஆனால் அழகம்மாவே அந்தப் பேச்சை நம்பினாள், அதுதான் கொடுமை.

அவள் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தெஹியோவிட்டப் பக்கமுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். ரப்பர்ப் பால் வெட்டும் வேலை. கெட்டிக்காரி, வாய் ஓயாமல் சிரிப்பாள். வந்த இரண்டாம் வருஷம், சோற்றில் கல் கிடந்ததென்று அவன் எட்டி உதைத்தான். வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்துபோனது. நான்தான் துணி மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சிரிப்பும் குறைந்தது, வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம்தான் மறுபடி உண்டானாள். ஆறு மாதம் தாண்டியும் நின்றது.

"இந்தப் புள்ளையை மட்டும் எனக்கு விட்டுரச் சொல்லி மாரியாத்தாகிட்ட கேளுங்கக்கா" என்றாள்.

"மாரியாத்தாகிட்ட எதுக்கு? ஒம் புருஷன்கிட்ட கேளு."

"கேட்டாலும் மறந்துருவாருக்கா. கோவம் வந்தா அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

அந்த நேரத்தில்தான் பங்களாவுக்கு அடுப்பு வந்தது. தோட்டத்தை நடத்தும் சிங்களப் பெரிய துரைக்கு, கப்பலில் வேலை செய்யும் அவர் மைத்துனர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தாராம். பச்சை நிறத்தில் கனத்த பீங்கான். மூடியோடு பார்த்தால் பெரிய முட்டை. தூக்க நாலு பேர் வேண்டும். உள்ளே கரி போட்டு, மேலே மூடி, இறைச்சி சுடுவார்களாம். நாங்கள் மூன்று கல்லில் சமைத்து உயிர் வாழ்கிறோம். இந்த அடுப்புக்கோ உட்கார மேசை வேண்டும், அதுவும் வெளியே புல்தரையில். துரை ஒரு புத்தகத்துப் படத்தை ஐயாவுவிடம் காட்டி, ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் முடி என்றார்.

வேலையில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். பலாமரத்தில் தடித்த நாலு கால். மேல்பலகையின் நடுவில், அடுப்பின் பாதி உடம்பு இறங்குகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை. கீழே அடுப்பு உட்கார ஒரு தட்டு. அந்த வாரம் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே மூச்சு முட்டியது. தேத்தண்ணி ஆறிப்போனதென்று உளியை எறிந்தான். அது அவள் தோளைக் கீறிக்கொண்டு போய் நிலைக்கதவில் குத்தி நின்றது. ஓட்டை கோணிப்போன அன்றைக்கு அவள் உதடு கிழிந்தது. அறுக்கிறவன் அவன், கோணலுக்கு அடி வாங்குகிறவள் இவள். அடி விழும்போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

பீங்கான் பலகையில் இடித்து விரிசல் விடுமோ என்று அவனுக்குப் பயம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மருந்தா கிடைக்காது? எங்களுக்கு எது ஆடினாலும் ரப்பர், எது இடித்தாலும் ரப்பர். அம்மிக்கு அடியில், கதவு இடுக்கில், கட்டில் காலில், எங்கும் ஒரு துண்டு செருகிவிடுவோம். அவனும் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து தடித்த ரப்பர் ஷீட் ஒன்றை எடுத்துவந்து, மடித்து, தட்டில் மெத்தை மாதிரிப் போட்டான். ஓட்டையின் விளிம்பிலும் சுற்றிவர வைத்து ஆணி அடித்தான். அடுப்பு அசையாமல் உட்கார்ந்தது. துரை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுப்பென்றால் அதில் நெருப்பு எரியும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, படித்த துரைக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மசாலை அரைக்கவும் தண்ணீர் தூக்கவும் என்னையும் அழகம்மாவையும் பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேசை ஆடினால் சரிபார்க்க ஐயாவும் தன் சாமான்களோடு நின்றான். சிரட்டைக்கரியை மூட்டி, ஆட்டுத் தொடையை வைத்து மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் விளிம்பு ரப்பர் இளகி ஒழுகியது, பிறகு பற்றியது. கரும்புகையும் நாற்றமுமாக எழும்ப, விருந்தாளிகள் இருமிக்கொண்டு ஓடினார்கள். பலகையிலும் நெருப்புப் பிடித்தது. ஐயாவு பதறிப்போய் என் கையிலிருந்த வாளியைப் பறித்துத் தண்ணீரை அடுப்பின்மேல் ஊற்றினான். வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். பீங்கான் இரண்டாகப் பிளந்து, கரியும் இறைச்சியும் புல்லில் கொட்டின.

"மொகத யகோ மே கெருவே", என்னடா பேயே இது நீ செய்தது, என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு துரை வந்தார். எல்லோர் முன்னாலும் ஐயாவுவின் கன்னத்தில் அறைந்தார். மறு கன்னத்திலும் அறைந்தார். மூக்கால் இரத்தம் ஒழுகியது. சப்பாத்துக் காலால் இடுப்பில் உதைத்தபோது விழுந்தான். எழுந்து மறுபடி அதே இடத்தில் வந்து நின்றான். துரையைவிட அவன் நல்ல உயரம். மரம் செதுக்கும் வாச்சியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"மன்னிச்சுக்குங்க தொரைகளே" என்றான். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். அடி விழ விழ அந்தக் கை அவிழவே இல்லை.

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பி அழகம்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அவன் கட்டியிருந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குக் கோவம் வரலையாக்கா?" என்று கேட்டாள்.

"வராம இருக்குமா? கண்ணைப் பாரு, எப்பிடிச் செவந்து கெடக்கு."

"கை எழும்பலையே" என்றாள்.

துரை குப்பையை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். நாங்கள் முதலில் லயத்துக்கு வந்துவிட்டோம். ஐயாவு மேசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, விறகுக்காகும் என்று கருகிய கால் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். அவன் நடையைப் பார்த்தே ஆட்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். துரை கொடுத்தது யாருக்குப் போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். "எங்க வீட்டுக்கு வந்துரு அழகு, வயித்துப் புள்ளையை நெனைச்சுப் பாரு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள்.

உள்ளே நுழைந்தவன் மேசைக்காலை அடுப்படியில் போட்டான்.

"என்னடி பாத்துக்கிட்டு நின்ன அங்க? புருஷன் அடி வாங்குறது ஒனக்கு வேடிக்கையா?" என்று கையை ஓங்கினான்.

இந்தத் தடவை அவள் வயிற்றை மூடவில்லை. குனிந்து, அந்தப் பலாமரக் காலை இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. விழுந்தவன் எழும்பப் பார்த்தான். அதே இடத்தில் இன்னொன்று போட்டாள். அவன் அலறியதை எங்கள் லயம் அன்றைக்குத்தான் கேட்டது.

ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். மேசைக்காலை அவள் விடவில்லை.

"கோவம் வந்தா ஒங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு இத்தனை வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "தொரையை நல்லாத் தெரிஞ்சுச்சே ஒங்களுக்கு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கத் தெரிஞ்சுச்சே. அப்ப என் மொதப் புள்ளையைத் தெரிஞ்சுதானே ஒதைச்சீங்க?"

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் இடைச்சுவர்வரை பின்னால் ஊர்ந்தான்.