ஒன்பது வெள்ளைத்தாள்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக் களத்தை ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தக் களத்துக்கு வராமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. அதனால் பலகையில் ஒட்டியது ஏழு மணிக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பலகை எங்கள் இளைஞர் மன்றத்துடையது. எழுபதுகளின் கடைசியில் நான்தான் மன்றச் செயலாளர். இருபத்திரண்டு வயது, தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கும் வேலை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி இருந்ததாக ஞாபகமில்லை.

பலகை வைக்க அனுமதித்தபோது தோட்ட மேனேஜரான துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். செயலாளரின் கையெழுத்தும் மன்ற முத்திரையும் இல்லாத தாள் அதில் இருக்கக் கூடாது. இருக்கும் தாளுக்கெல்லாம் செயலாளரே பொறுப்பு. பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் நிர்வாகத்தைத் திட்டி யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அதில் பெயர் இருந்தவரின் குடும்பம் ஒரே மாதத்தில் நிர்வாகம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்தது. எங்கள் வீடும் அம்மா கொழுந்து பறிப்பதற்காகக் கொடுத்த வீடுதான். அப்பா போன பிறகு எங்களுக்கு அதைவிட்டால் வேறு கூரை கிடையாது.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். நான் இல்லாத நேரத்தில் அவசரமாக எதையாவது அறிவிக்க வேண்டியிருந்தால் உதவும் என்று, மன்றத்தின் பெயரும் சின்னமும் அச்சடித்த தாள்களில் பத்தை எடுத்து, ஒரு வரிகூட எழுதாமல், அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டேன். எனக்குப் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ. பனிமூட்டத்தில் மை காயவில்லை. அடுப்படியில் பாயை விரித்து அதன்மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு வேலைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா அவற்றை அடுக்கி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். பலகையின் சாவியும் ரப்பர் முத்திரையும் அதே டின்னில்தான் இருந்தன.

அந்த வாரம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து போர்டு எழுதுபவர் வந்தார். பலகைக்குச் சாயம் அடித்து, மேலே மன்றத்தின் பெயரையும் சின்னத்தையும் எழுத வேண்டும். முப்பது வயதிருக்கும். விரல் நகமெல்லாம் சாயம்.

“உள்பக்கமும் அடிக்கணும்மா, சாவி வேணும். சின்னத்தப் பாத்து எழுத லெட்டர் பேப்பர் ஒண்ணு இருந்தா குடுங்க,” என்று என்னிடம் கேட்டார்.

ஒரு சாவி, ஒரு தாள். அவர் கேட்டது அவ்வளவுதான். தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது.

“எல்லாம் இதுக்குள்ள இருக்குண்ணே, முடிச்சிட்டுக் குடுங்க,” என்று டின்னையே அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

சலிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் என் சாவி, என் முத்திரை, என் கையெழுத்து. இனி அவர் எதை எழுதி ஒட்டினாலும் அது நான் எழுதியது. ஷிப்ட் முடிந்ததும் களத்துக்கு ஓடினேன். பலகை பாதி சாயத்தோடு பூட்டிக் கிடந்தது. அவரும் இல்லை, டின்னும் இல்லை.

மறுநாளிலிருந்து அடைமழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை, அவரும் வரவில்லை. மூன்று நாள் பொழுது விடிவதற்குள் எல்லோருக்கும் முன்னால் போய் அந்தக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். துரையைத் திட்டும் வரிகள் என் கையெழுத்தோடு கண்ணுக்குள் வந்து போயின.

“என்னடி, பேயடிச்ச மாதிரி அந்த போர்டயே பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றார் அம்மா. அவருடைய வீட்டைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

நான்காம் நாள் அவர் வந்து வேலையை முடித்தார். எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. “பஸ் இல்ல லா. டின்ன வீட்டுல பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தேன்,” என்று திருப்பிக் கொடுத்தார். அங்கேயே திறந்து எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

“அண்ணே, ஒரு பேப்பர் கொறையுது.”

“ஒண்ணுதாம்மா வெளிய எடுத்தேன். பாத்துட்டு அதயும் உள்ளயே வச்சிட்டேன்.” அவர் முகம் மாறியது. “குடுக்கும்போது எண்ணிக் குடுத்தீங்களா?”

நான் எண்ணிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவரை நம்பவில்லை. அவர் போனதும் ஒன்பதையும் அடுப்பில் போட்டேன், பூட்டையும் மாற்றினேன். பத்தாவது தாள் எங்கோ ஒரு பெட்டிக்குள் என் பெயரோடு காத்திருக்கிறது என்ற பயம் மட்டும் என்னோடேயே குடியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஆள் அனுப்பினார். “ஆபீஸுக்கு வரச் சொன்னாரு, தொர ஏதோ போர்டு பத்திக் கேட்டாராம்.” தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். வீட்டுச் சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கிராணி சிரித்தபடி, “மன்றத்து போர்டு எழுதுன ஆளு யாரு? தொரைக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நம்ம தோட்டத்து போர்டெல்லாம் அந்த ஆள வச்சே எழுதச் சொல்றாரு,” என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஆள் ஆபீஸுக்குள் நடமாடினால் என் தாள் துரையின் மேசைக்கே போய்விடும் என்று அடுத்த கணமே பயம் பிடித்துக்கொண்டது.

“அவரு வேணாங்கய்யா,” என்றேன். “கை சுத்தமில்ல.”

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கிராணிகளுக்குள் பேச்சு பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்த வருஷம் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறி லாரியின் கதவில் வண்டி எண்ணை அவர் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். “என்னம்மா, எந்தத் தோட்டத்துலயும் என்னக் கூப்புட மாட்டேங்கிறாங்களே, ஏன்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவுக்கு வேலை முடிந்தது. வீட்டை ஒப்படைத்துவிட்டு மலைக்குக் கீழே தாப்பா டவுனுக்குப் போவதாக ஏற்பாடு. லாரி வாசலில் நின்றது. சுவரிலிருந்து முருகன் படத்தைக் கழற்றினேன். பின்னாலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. மன்றத்தின் பெயர், சின்னம், நடுவில் வெறுமை. அடியில் என் கையெழுத்து, ஈரத்தில் நீலம் பரவி, ஆனாலும் தெளிவாக.

“இது எப்படிம்மா இங்க வந்துச்சு?”

“அன்னிக்குப் பாயில காயப்போட்டிருந்தியே, அதுல ஒண்ண எடுத்து வச்சேன்,” என்றார் அம்மா, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே. “ஒங்கப்பாவும் கைநாட்டு, நானும் கைநாட்டு. நம்ம வீட்டுல மொதக் கையெழுத்து ஒன்னோடதுதான். சாமிகிட்ட இருக்கட்டுமேன்னு வச்சேன்.”

எனக்கு அழுகை வந்தது. அம்மா வீட்டைவிட்டுப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

எண்ணெய் ஊற்ற லாரி கம்போங் ராஜாவில் நின்றது. போர்டு எழுதுபவரைப் பற்றிக் கேட்டேன்; அவர் வீடு பக்கத்துச் சந்தில்தான் என்று டிரைவர் சொன்னார். தாள் என் மடியில் இருந்தது. நான் இறங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.