குரல்வளையில் பொய் பிடித்த கதை

நாலாம் கிளாஸோடு நின்றவன் நான். குடிசை போட்டிருந்தவனுக்கே அந்த இடம் என்ற குடிகிடப்பு சட்டத்தில் கிடைத்த பத்து சென்ட் நிலத்தில் தொடங்கி, அமரவிளையில் சொந்தமாகக் கொப்பரைக் கடை போட்டேன். அதற்குக் காரணம் என் கண்ணாக்கும். விற்க வருகிறவன் "நல்லா காஞ்சது" என்பான். நான் கொப்பரையைப் பார்க்க மாட்டேன். அவன் குரல்வளையைப் பார்ப்பேன். பொய் சொல்கிறவனுக்கு வாய் வறளும், எச்சில் விழுங்குவான், குரல்வளை ஏறி இறங்கும். போலீஸ்காரனுக்கே தெரியாத சயன்ஸ் இது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்திருக்கிறேன். ஈரக் கொப்பரை வாங்கி நஷ்டப்பட்டதை மட்டும் சொன்னதில்லை.

என் மகளைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான செங்கலில் இருந்து ஒரு பையன் வந்தான். துபாயில் கிரேன் ஓட்டுகிறவன். லீவு முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. மகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனவள் கதவிடுக்கிலேயே நின்றாள். நான் முந்திரிக்கொத்துத் தட்டை அவன் பக்கம் தள்ளித் தள்ளி விசாரணையைத் தொடங்கினேன்.

"தின்னு மக்கா. கிரேன்தானா ஓட்டுறது?"

"ஆமா மாமா." குரல்வளை ஏறி இறங்கியது.

"இன்னொண்ணு எடு. குடி உண்டா?"

"இல்ல மாமா." முன்னைவிட வேகமாக ஏறி இறங்கியது.

எனக்குப் போதும். "பின்ன சொல்லி விடுதேன்" என்று அவனை அனுப்பிவிட்டு, "பெருங்கள்ளன்!" என்று வீட்டில் தீர்ப்பும் சொன்னேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்காரி காலித் தட்டை என் முன்னால் வைத்தாள். "இவ்வளவையும் அவனுக்க வாயில திணிச்சது ஆரு? தின்னவன் விழுங்காம பின்ன துப்பவா செய்வான்?"

"இல்ல, நம்ம சயன்ஸ்..."

"பொம்பளைக்கு அந்தக் குரல்வளை வெளிய தெரியாதே. அப்பம் இத்தன வருசமா நான் சொன்னதில எது பொய், எது நேருண்ணு நிங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அதை நான் யோசித்ததே இல்லை. இனியும் யோசிக்கப் போவதில்லை.

ராத்திரி மகள் சாப்பிடவில்லை. காலையிலும் இல்லை. செங்கலுக்கு நடந்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் வழியெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். பையனுடைய அம்மா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு பசு விலைக்கு உண்டுண்ணு கேட்டேன். அப்பிடியே..."

ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, மாடு பாக்கப் போறவரு தேச்ச சட்டையும் போட்டு, வாழக்குலையும் சொமந்துட்டா வருவாரு? குலைய அங்க வச்சிட்டு கேறி இரியும். அவனுக்கு லீவு தீருததுக்குள்ள நாள் குறிக்கணும்."