ஒன்று இல்லையென்றால் இரண்டு

எனக்கு மன்னிக்க வராது. வயதானால் தானாக வந்துவிடும் என்றார்கள். தலை நரைத்ததுதான் மிச்சம்.

எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், கம்ப்யூட்டர் பிரிவில் டெம்பரவரியாக இருந்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். பிரிவு என்றால் ஏ.சி. போட்ட ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், நான், எனக்கு மேலே ஓர் அதிகாரி. ஏ.சி. எங்களுக்காகப் போட்டதில்லை. லாரிகளுக்குச் சீட்டுப் போடும் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் காட்டினால் உன் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மூட்டை பிடிக்கும் மெஷின் அப்போது இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி லோடுமேன் செட். கேட்டில் கொடுக்கும் சீட்டில் எந்த மெஷின் நம்பர் இருக்கிறதோ அந்த செட்தான் அந்த லாரியில் ஏற்றும். ஏற்றும் மூட்டைக்குத்தான் கூலி, மற்ற செட் கை வைத்தால் அடிதடிதான்.

நான் புரோகிராமைப் பகுதி பகுதியாக எழுதினேன். லாரியைப் பதிவு செய்வது ஒன்று, வரிசை பார்ப்பது ஒன்று, சீட்டு அடிப்பது ஒன்று. ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. மெஷின்களின் பட்டியல் தனியாக ஒரு சின்ன ஃபைலில். புது மெஷின் வந்தால் அதில் ஒரு வரி சேர்த்தால் போதும், வேறெதையும் தொட வேண்டாம். அரியலூர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்கு ஒரு பெட்டி கூட்ட வேண்டுமென்றால் எஞ்சினையா பிரிக்கிறார்கள்?

அதிகாரி சிரித்தார். “இருக்கறது ரெண்டு மெஷின். இதுக்குப் போயி எதுக்குய்யா இத்தனை துண்டு? ஒண்ணா இருந்தாத்தான் பாக்கறவனுக்குப் பெருசாத் தெரியும்.”

சொன்னபடியே எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக ஒட்டினார். பட்டியலைத் தூக்கி எறிந்தார். மேலே தன் பெயரைப் போட்டு, பிரிண்ட் எடுத்து, மேனேஜர் அறையில் விரித்துக் காட்டினார். மேஜையில் தொடங்கிய பேப்பர் வாசல்வரை வந்தது. “ராப்பகலா ஒக்காந்து எழுதினேன் சார்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசுக் கையெழுத்து அவர்தான் போட வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வாரமே என்னைக் கேட்டில் சீட்டுக் கிழித்துக் கொடுக்க அனுப்பிவிட்டார். கையெழுத்தும் போடவில்லை.

எனக்குத் திங்கள்கிழமை லீவு. அம்மா என்னைச் சிறுவாச்சூர்க் காளி கோயிலுக்கு அழைத்துப் போய், வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். நான் வேண்டிக்கொண்டது வேறு. காளியிடம் அதைக் கேட்பதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

சில மாதத்தில் மூன்றாவது மெஷினுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது. அன்று விரித்த பேப்பரில், பட்டியலுக்குப் பதிலாக அதிகாரி எழுதிய ஒரு வரியைப் பார்த்திருந்தேன்: ஒன்றாம் மெஷினா என்று பார், இல்லையென்றால் இரண்டு என்று அடி. ஓர் இடத்தில் அல்ல, ஏகப்பட்ட இடத்தில். மூன்று என்று ஒரு நம்பர் உலகத்தில் உண்டு என்பதே அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பூஜை நாளில் பூசணிக்காய் உடைத்தார்கள். புது செட் ஆட்கள் நெற்றி நிறைய விபூதியோடு நின்றார்கள். மூன்றாவது மெஷினுக்கென்று வந்த முதல் லாரிக்குச் சீட்டு விழுந்தது: இரண்டு. அடுத்ததற்கும் இரண்டு.

இரண்டாம் செட் மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். “சீட்டுல ரெண்டுன்னு போட்டிருக்கு. இது எங்க லாரி. எவனாச்சும் கை வச்சான்னா பாத்துக்க.”

அதிகாரி ஓடி வந்து பேனாவால் அடித்து மூன்று என்று திருத்தினார். பேனாச் சீட்டை எந்த செட்டும் மதிக்கவில்லை. திரும்ப ஓடிப்போய் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தை மாற்றினார். வேறோர் இடம் கெட்டு, ஒன்றாம் மெஷினுக்கும் சீட்டு நின்றது. மதியத்துக்குள் லாரி வரிசை ரெட்டிபாளையம் ரோட்டைத் தொட்டுவிட்டது. புது செட் ஆட்கள் மாலை போட்ட மெஷினடியில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

மேனேஜரே கேட்டுக்கு வந்தார். “உன்னால முடியுமா?”

“அரை நிமிஷ வேலை சார். ஆனா நான் தொட மாட்டேன். நான் சொல்றேன், சாரே அடிக்கட்டும்.”

சாப்பாட்டுப் பையில் வைத்திருந்த என் பழைய ஃபிளாப்பியைப் போட்டோம். திரையில் என் பெயர் வந்தது. மேனேஜர் அதை வாய்விட்டுப் படித்தார், அதிகாரியைப் பார்த்தார். வாசலில் டிரைவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. அறையில் அதிகாரிக்குச் சட்டை நனைந்தது.

“பட்டியலைத் திறங்க சார். ரெண்டுக்குக் கீழ வாங்க. மூணு அடிங்க. அது எட்டு சார். அழிச்சிட்டு அடிங்க.”

அடித்தார். சீட்டு வந்தது: மூன்று. வெளியே ஒரு டிரைவர் விசில் அடித்தான். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தம் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இல்லை, இன்றும் இல்லை.

பத்து நாளில் நிரந்தர உத்தரவு வந்தது. அதிகாரிதான் கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“மெஷின் கட்டறப்பவே ஒனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும் சார்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. அத்தனை பேரு முன்னாடி...”

“அத்தனை பேரும் வரட்டும்னுதான் சார் சொல்லல.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த லாரிக்குச் சீட்டைக் கிழித்தேன்.