காலில் ஒரு சூரியன்

இரண்டு வருடத்துக்கு முன், திங்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் அது. யாங்கோனில் கியாக்டடா பக்கம், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறைதான் என் பச்சை குத்தும் கடை. காலையில் கப்பல் வேலை பார்க்கும் ஒருவர் விந்தி விந்தி வந்தார். தமிழர்தான், பேச்சில் பாதி பர்மியம். போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு லுங்கியைத் தூக்கினார். முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

படத்தில் பாதிச் சூரியன். கதிர்களுக்குப் பதிலாகக் கறுப்பு முக்கோணங்கள், உள்ளே கைகோத்து நிற்கும் குட்டி மனிதர்கள். பாலினேசியத் தீவுகளின் பாணியாம். அழகுதான், ஆனால் காலிலா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"தெனம் கும்புடுற சூரியன கால்ல குத்தச் சொல்றீங்களே, கை இல்லையா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"இது மூணாவது கடைண்ணே. பர்மாக்காரங்களும் இதேதான் சொன்னாங்க. அடுத்த வாரம் கப்பல் ஏறணும்" என்றார்.

அதற்கு முந்தின வருடம் கப்பலைக் கட்டும் கயிறு அறுந்து அடித்ததில் அந்தக் கால் நொறுங்கியதாம். தூக்கிக்கொண்டு ஓடியவர், கூட வேலை பார்த்த ஒரு சமோவாத் தீவுக்காரர். படத்தை வரைந்து அனுப்பியதும் அவரே. முக்கோணம் சுறாப் பல், காவலுக்கு. மனிதர்கள், குடும்பம். கால் என்பது முன்னே போகிற இடம், அங்கே சூரியனை வைப்பது அவர்களுக்கு இழிவில்லையாம்.

"மறுபடி அந்தக் கயித்துப் பக்கம் போக கால் வரலண்ணே" என்று தழும்பைத் தடவினார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்தேன். வாசல் வழியாக வந்த வெயில் அவர் தழும்பிலும் என் வெறும் பாதத்திலும் கிடந்தது. கை, கால் என்று சூரியனே பார்க்காத வித்தியாசத்தை நான் ஏன் பார்க்கிறேன் என்று தோன்றியது. மெஷினை எடுத்தேன்.

பாதிச் சூரியன் என்றால் உதயமா, அஸ்தமனமா என்று கேட்டேன். வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

"நடந்தா உதயம்ணே" என்று சிரித்தார்.

எதிரே நிற்பவர்களுக்கு நேராகத் தெரியும்படி குத்துவதுதான் எங்கள் வழக்கம். அவரோ, தான் குனிந்தால் தனக்கு நேராகத் தெரிய வேண்டும் என்றார். மற்றவர்களுக்குக் கவிழ்ந்து தெரிந்தால் தெரியட்டுமாம். அப்படியே குத்தினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார். அவரே மேலிருந்து எடுத்தது, முகம் இல்லை. சுருட்டிக் கிடக்கும் தடித்த கயிறு, அதை ஒட்டி ஊன்றிய கால், அதில் நிமிர்ந்து நிற்கும் சூரியன். இப்போதெல்லாம் காலையில் சூரியனைக் கும்பிட்டு முடித்ததும், என் பாதத்தில் விழும் வெயிலையும் ஒரு நிமிடம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.