மாடியிலிருந்து வந்த பதில்

மதுரைக் கடைகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் ஜவுளிக்கடையில் கீழே அண்ணன், மாடியில் தம்பி. பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்துவிடாதபடி நடுவே ஃபயர்வால் என்ற தடுப்பு வைத்திருந்தார்கள். இப்போது மாடியிலிருந்த பெரிய பிரிண்டர் மட்டும் கீழேயும் வேண்டுமாம்.

"பிரிண்டர் தெரியணும்மா. ஆனா அங்கேருந்து ஒண்ணும் இங்க வந்துறக் கூடாது" என்றார் அண்ணன்.

நானும் சந்தேகப் பிராணிதான். அந்த வீட்டார் தங்கள் மொழியில் பேசினாலே என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். அதனால் அவர் சொன்னது தப்பாகவே படவில்லை. கீழிருந்து போகும் வழியை மட்டும் திறந்தேன். கம்ப்யூட்டர் தேடியது, பிரிண்டர் அகப்படவில்லை.

"அவன் அணைச்சு வச்சிருப்பான்."

மாடிக்குப் போனேன். பிரிண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அண்ணன் எதையாச்சும் தடுத்து வச்சிருப்பாரு" என்றார் தம்பி.

படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட வழி விட்டேன், பதில் வர வழி விடவில்லை.

"அங்கேருந்தும் கொஞ்சம் உள்ள விடணும்ணே."

"எம்புட்டு?"

"அது பேரைச் சொல்ற அளவுக்கு."

சரியென்று தலையாட்டினார். திறந்தேன். திரையில் பிரிண்டரின் பெயர் வந்தது. அண்ணன் ஒரு தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டு, மாடிப்படியருகே போய் நின்று தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். மேலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. என்னைப் பற்றித்தானோ என்ற நினைப்பு மட்டும் அன்று வரவில்லை.