அக்கா போகாத போட்டி

பந்து சிமெந்துத் தரையில் படும் சத்தம்தான் முதலில் கேட்கும். ஆட்கள் தெரியமாட்டார்கள். ஹட்டனில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பனிமூட்டம் இறங்கிவிட்டால், மைதானத்தின் இந்தக் கோடியில் நிற்பவருக்கு அந்தக் கோடியில் உள்ள வளையம் கண்ணில் படாது. மற்றப் பிள்ளைகள் மூட்டம் விலகட்டும் என்று பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். அக்கா நிற்கமாட்டாள். வளையம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து எறிவாள். சற்றுப் பொறுத்து, வலைக்குள் பந்து இறங்கும் சத்தம் கேட்கும். இரண்டு பேருடைய புத்தகப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அது ஏதோ என் சொந்தக் கெட்டித்தனம் போலப் பெருமையாக இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்லைக்கு மேலே. காலையில் ரயிலில் ஹட்டனுக்குப் போவோம். பயிற்சி இருக்கும் நாட்களில் திரும்பும் ரயிலை விட்டுவிட்டு, கினிகத்தேனை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து, மிச்சத் தூரத்தை நடப்போம். எங்கள் பள்ளிக்கூடமான அந்தப் பெண்கள் கல்லூரியில் தோட்டத்துப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தி கூடைப்பந்து அணிக்குத் தலைவியானது, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தில் பெரிய பேச்சு. லயத்துக்குப் பின்னாலிருந்த டர்பன்டைன் மரத்தில் தார் பீப்பாயின் இரும்பு வளையமொன்றை அறைந்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கோடு கிழித்து நின்று ப்ரீ த்ரோ எறிந்து பழகுவாள். "பொம்பளப் புள்ள இப்புடிக் குதிக்கலாமா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டால், அம்மா விட்டுக்கொடுக்கமாட்டாள். "குதிக்கட்டும் மதினி. மலையில ஏறி எறங்கித்தானே அந்தக் காலு வந்துச்சு, சும்மாவா வந்துச்சு?" என்பாள்.

கொழும்பில் நடந்த ஒரு போட்டியில் அக்காவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கம்பனிக்காரர் பேசினார். அவர்களுக்கென்று பெண்கள் அணி இருந்தது. அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றிலும் இப்படியே ஆடட்டும், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் வேலையும் அணியில் இடமும் தருகிறோம் என்றார். அன்றிலிருந்து அக்கா கொழும்பிலேயே குடியிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பில் ரொட்டி கருகினாலும் அவளுக்குத் தெரியாது. "என்ன, கொழும்பு ரயில் இன்னும் வரலியா?" என்று அம்மா சீண்டுவாள்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா முன்னமே இறந்துவிட்டார். லயத்தில் நாங்கள் இருந்த அறை, அந்தக் காம்பரா, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் அதில் குடியிருக்கலாம். பேர் இல்லையென்றால் கூரையும் இல்லை. மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயா வாசலில் நின்று, "சின்னவளுக்கு வயசு பத்தாது. பெரியவ பேரப் போட்டுருங்க" என்றார். கெட்ட மனிதர் அல்ல அவர். குனிந்த தலை நிமிராமல்தான் சொன்னார்.

பேர் போடுவதென்றால் படிப்பை விட்டுக் கொழுந்து எடுக்கப் போவது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு தப்புக் கணக்குப் போட்டோம். அம்மா எழுந்து நடந்ததும் அவள் பேரைத் திரும்பப் போட்டுவிடலாம், அக்கா போட்டிக்கு முன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடலாம் என்று மூன்று பேருமே நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் அக்கா சிரித்துக்கொண்டே தலையில் கூடைக் கயிற்றை மாட்டினாள்.

போட்டி நெருங்கியபோது, பயிற்சி கொடுத்த டீச்சர் லயத்துக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சேலைக் கரையெல்லாம் சேறு. அம்மா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு வருஷம் மட்டும் பிள்ளையை விடுங்கோ அம்மா. பிறகு அவளே உங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவாள்" என்றார்.

"அந்த ஒரு வருசம் நாங்க எங்கங்க டீச்சர் இருக்குறது?" என்று அம்மா கேட்டாள்.

 சண்டையில் வீடு வாசலை விட்டு, ஒரு பெட்டியோடு ஹட்டனுக்கு வந்தவர் டீச்சர். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்து, வாசல் வரை வந்த அக்காவின் தோளைப் பிடித்தார். "வீடில்லாமல் நிக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். இனி நான் உம்மைக் கூப்பிடமாட்டன்" என்றார். அன்று எனக்கு அவர் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து கொதித்தது.

அணி அக்கா இல்லாமலே கொழும்புக்குப் போனது, தோற்றது. செய்தியை நான்தான் மலைக்குப் போய்ச் சொன்னேன். கொழுந்து கிள்ளும் அக்காவின் கை நிற்கவில்லை. "ப்ரீ த்ரோவெல்லாம் யாரு போட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஒரு காலையில் அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். தன்னால் நடக்க முடியும் என்று காட்டத்தான். வரிசையில் அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கண்டாக்கு ஐயா கிட்ட வந்து, "ஒங்க பேர வெட்டியாச்சும்மா. இனி போட முடியாது. வீட்டுக்குப் போங்க" என்றார். அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தாள். அன்று காம்பராவில் யாரும் சாப்பிடவில்லை.

அந்தக் கூரைக்குக் கீழே இருந்துதான் நான் படித்து முடித்தேன். பேர் போட வேண்டிய வயது எனக்கும் வந்தது. அக்கா என்னைப் பெரட்டுப் பக்கமே விடவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, நாங்கள் படித்த அதே கல்லூரியில் ஆசிரியையானேன். ஹட்டனில் வாடகைக்கு வீடு எடுத்தேன். அம்மா என்னோடு வந்துவிட்டாள். அக்கா வரவில்லை, அடுத்த மாதம், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஒருநாள் அம்மாவைப் பார்க்க வந்தவள், என்னைக் கூட்டிப்போகக் கல்லூரிக்கு வந்தாள். பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டி உருண்ட பந்து அக்காவின் காலடியில் வந்து நின்றது.  அக்கா குனிந்து எடுத்தாள். சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தாள். கோடு வரை நடந்து போய், லேசாகக் குனிந்து, பந்தெடுக்க ஓடிவந்த பிள்ளையிடம் இரண்டு கையாலும் நீட்டினாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையிடம் சாக்கை நீட்டுவதுபோல. "தேங்ஸ் ஆன்ட்டி" என்று அவள் ஓடிவிட்டாள்.

 மாலையில் அவளை வழியனுப்ப பஸ் நிலையம் வரை நடந்தேன். அங்கே கேட்டேவிட்டேன். "இனிமே அந்தக் காம்பரா நமக்கு எதுக்குக்கா? பேர வெட்டிட்டு வந்துரு."

அக்கா பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத விட்டுட்டு வந்துட்டா, நான் எதுக்குடி போகாம நின்னேன்?"

பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிக்கொண்டாள்.